டியூவரின் இடப்பக்கத்து வீடு

மாய்கே பிறந்ததே ஒரு கொட்டகையில்தான். அவள் அம்மா தெற்கே ஸேலந்தில் கரை வேலைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்குப் பானை தளதளவென்று கொதிக்கிற நேரம் பார்த்து இடுப்பு வலி எடுத்ததாம். பானையை இறக்கி, தண்ணீரை வடித்து, மூடி போட்டு வைத்துவிட்டுத்தான் போய்ப் படுத்தாளாம். மாய்கே இந்தக் கதையை எடுத்தால் பானையை இறக்கியதைத்தான் பெருமையாகச் சொல்வாள். தான் பிறந்தது அதற்கப்புறம் வருகிற சின்னச் சமாச்சாரம்.

எங்கள் நாட்டில் பாதி தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது. ஆகவே எந்தக் காலத்திலும் எங்காவது ஒரு மூலையில் யாராவது கடலைத் தடுக்கக் கரை போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கரை எங்கே போகிறதோ அங்கே வேலைக்காரக் கும்பல் போகும். கும்பல் எங்கே போகிறதோ அங்கே பலகைக் கொட்டகை போகும், கொட்டகையோடு சமையல்காரியும் போவாள். மாய்கேயும் அப்படித்தான் போனாள். சின்ன வயதில் அம்மாவோடு, கல்யாணத்துக்கப்புறம் ஆரியோடு. கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றும்போதெல்லாம் ஒரு வாளிக்குள் ஜெரேனியப் பூச்செடியை வைத்து மடியில் வைத்துக்கொள்வாள். இலை உதிரும், புது இடத்தில் மறுபடி துளிர்க்கும். அந்தச் செடிக்கும் பழகிவிட்டது.

ஆரி மிலாறுப் பாய்க் கும்பலின் மேஸ்திரி. கடலில் மண்ணைக் கொட்டினால் நீரோட்டம் அரித்துக்கொண்டு போய்விடும் அல்லவா? அதனால் முதலில் அடியில் பாய் விரிக்க வேண்டும். வில்லோ மரத்து மிலாறுகளை, அதாவது மெல்லிய கிளைகளை, கட்டுக் கட்டாகக் கட்டி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஒரு தேவாலயத்தையே மேலே தூக்கி வைக்கலாம் போன்ற பெரிய பாயாக்கி, இழுவைப் படகால் கடலுக்குள் கொண்டுபோவார்கள். ஓதம் ஏறாமல் இறங்காமல் சற்று நேரம் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் சுற்றிலும் கல் தோணிகளை நிறுத்தி எல்லாரும் ஒரே சமயத்தில் கல் எறிய வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலும் பாய் கவிழ்ந்துவிடும். எப்போது எறிவது என்று சொல்வது ஆரி. உடம்பு ஒல்லி, குரல் மட்டும் மாடு கத்துவது போல. "எறி!" என்று அவன் கத்தினால் கரையில் இருக்கிற கோழிகூட ஒதுங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் அவர்கள் வீரிங்கனுக்கு வந்து இறங்கினார்கள். தெற்குக் கடலின் வாயையே அடைத்துவிடப்போகிற பெரிய அணை. இங்கிருந்து ஃப்ரீஸ்லாந்துக் கரை வரைக்கும் முப்பத்திரண்டு கிலோமீட்டர். கடலுக்கு நடுவே இவ்வளவு நீளமாக உலகத்தில் எவனும் கட்டியதில்லை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதித் தள்ளினார்கள். ஆரியிடம் கேட்டால், "நீளம்தான். மத்தபடி கரைன்னா கரைதான்" என்பான்.

வீரிங்கன் அப்போதே தீவு இல்லை. இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே நிலத்தோடு சேர்த்து ஒரு சின்னக் கரை போட்டுவிட்டார்கள். ஆனால் அதை அங்கே இருக்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள். நெத்திலியும் ஹெர்ரிங் மீனும் பிடித்துப் பிழைக்கிற ஜனம். அணை மூடினால் கடல் குளமாகும், குளத்தில் நெத்திலிக்கு என்ன வேலை? ஆகவே கொட்டகைக்காரர்களைப் பார்த்தால் அவர்கள் முகத்தில் ஓர் ஈரப்பசை கிடையாது. கடைக்குப் போனால் மாவு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

இந்த ஊரில்தான் மாய்கேவுக்கு ஒரு வீட்டின் மேல் ஆசை வந்தது.

டென் ஊவர் கிராமத்தில் கடலோரக் கரையை ஒட்டி ஐந்தாறு செங்கல் வீடுகள் ஒரே வரிசையாக நிற்கும். அதில் ஒன்று காலி. பெரிய வீடொன்றும் இல்லை. பச்சைக் கதவு, வாசலில் ஒரு பம்பு, முன் ஜன்னலில் அகலமான கட்டை. அந்த ஜன்னல் கட்டையைப் பார்த்ததும் அவள் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிறாள், ஒரு பூந்தொட்டியை ஓர் இடத்தில் வைத்தால் அது அங்கேயே இருக்கும் என்கிற சுகத்தை அவள் ஒருநாள்கூட அனுபவித்ததில்லை. கும்பல் அடுத்த வேலைக்குப் போகட்டும், ஆரி சனிக்கிழமை தோறும் வரட்டும், இனி நான் நகரமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள். ஆரியிடம் சொன்னாள்.

"வீடா? வீடு மெதக்காதேடி" என்றான்.

"மெதக்கக் கூடாதுன்னுதான்யா கேக்கறேன்."

ஆரி யோசித்தான். எதிலும் அவசரப்படாத மனுஷன். "சரி, கேட்டுப் பாரு. குடுத்தா எடுத்துக்க. குடுக்கலேன்னா மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத" என்றான்.

வீட்டுக்காரன் டென் ஹெல்டர் பட்டணத்தில் இருந்தான். அவன் அக்கா டியூவர் அதே வரிசையில், காலி வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். காலி வீடு அவளுக்கு இடப்பக்கம். "எங்கக்கா சரின்னா எனக்கும் சரி. அவதானே பக்கத்துல இருந்து அனுபவிக்கப் போறா" என்று சொல்லி அனுப்பினான் தம்பி. ஆக, எல்லாம் டியூவர் வாயில் இருந்தது.

டியூவரின் வாய் லேசில் திறக்காது. அறுபதை நெருங்கிய கட்டையான பெண்மணி. கையில் எப்போதும் வலை பின்னும் ஊசி. புருஷன் லாமர்ட் நெத்திலிப் படகு வைத்திருந்தான். "அந்த அணைமேல என் கால் படாது" என்று தேவாலய வாசலில் வைத்துச் சொன்னவன். மாய்கே அசரவில்லை. பெண்களை முறையாகக் காப்பிக்கு அழைப்பது, பழகுவது, பிறகு கேட்பது என்று திட்டம் போட்டாள். முப்பத்தொன்றாம் வருஷம் இலையுதிர்காலத்தில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு டியூவரையும் அந்த வரிசைப் பெண்கள் இரண்டு பேரையும் கொட்டகையில் தன் சின்ன அறைக்கு அழைத்தாள். ஆச்சரியம், மூன்று பேரும் வந்தார்கள். கொட்டகைக்காரி எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

மரக்காலணிகளை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். மாய்கே காப்பி ஊற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மூடியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, டப்பாவை மேஜை நடுவில் தள்ளினாள். "எடுத்துக்கங்க, நெறைய இருக்கு!"

வந்தது வினை.

எங்கள் ஊர் வீடுகளில் காப்பிக்கு எப்படி என்பது பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். ஒரு கோப்பை, டப்பா திறக்கும், ஆளுக்கு ஒரு பிஸ்கட், மூடி விழும். இரண்டாவது கோப்பை, மறுபடி ஒரு பிஸ்கட், மறுபடி மூடி. அந்த இரண்டாவது மூடிச் சத்தம் கேட்டதும் விருந்தாளி எழுந்து, "சரி, அடுப்பு வேலை கெடக்கு" என்று கிளம்புவாள். மாய்கேவுக்கு இது எப்படித் தெரியும்? அவள் வாழ்நாளில் யார் வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து காப்பி குடித்தவள் அல்ல. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பசித்த நாற்பது ஆண்கள். அவர்கள் முன்னால் டப்பாவை மூடினால் டப்பாவையே தின்றுவிடுவார்கள்.

மூன்று பெண்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மூடிக்காகக் காத்திருந்தார்கள். மூடி அலமாரியில் இருந்தது. இரண்டாவது கோப்பை வந்தது, மூன்றாவது வந்தது. இப்படி விருந்து முடியாமல் தொங்கினால் யார் முதலில் எழுவது? முதலில் எழுகிறவள் மரியாதை கெட்டவள் ஆகிவிடுவாளே. டியூவர் டப்பாவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி டப்பாவைப் பார்த்தாள். பேச்சு தீர்ந்துபோய் வானிலைக்கு வந்து, வானிலையும் தீர்ந்தது. மாய்கேவோ பூரித்துப்போனாள். இவர்களுக்கு என்னை விட்டுப் போகவே மனசில்லை என்று நினைத்து நாலாவது கோப்பை ஊற்றினாள். கடைசியில் பன்னிரண்டரை மணிக்கு லாமர்டே தேடிக்கொண்டு வந்து, வாசலில் நின்று இருமினான். மூன்று பேரும் விடுதலை ஆன மாதிரி காலணியை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

அன்று சாயங்காலம் ஆரியிடம், "நாலு கோப்பைய்யா! எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க!" என்று கையை விரித்துக் காட்டினாள். ஒரு வாரம் பாடிக்கொண்டே கிழங்கு கழுவினாள்.

பிறகு கடையில் டியூவரைப் பார்த்து, நேராகவே கேட்டாள். "அக்கா, உங்க தம்பி வீடு…"

"வேணாம்" என்றாள் டியூவர்.

"ஏன்?"

"உன் கைக்கு அளவு தெரியாது. கல்யாணமாகி இத்தன வருஷத்துல எம்புருஷனுக்குப் பன்னெண்டு மணிக்குச் சோறு போடாத ஒரே நாள் அதுதான். பக்கத்து வீட்டுல அப்படி ஒருத்தி இருந்தா நான் எந்திரிக்கறது எப்ப, படுக்கறது எப்ப?"

மாய்கேவுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி வலித்தது. கஞ்சத்தனம் என்று யாராவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தாராளமாக வைத்ததற்கு இப்படியா? கொட்டகைக்கு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு வெங்காயம் தேவையே இல்லை. ஆரி பார்த்தான். இன்னும் கொஞ்சம் வெங்காயத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

அந்தக் குளிர்காலம் மீன் இல்லை. அணை இரண்டு பக்கத்திலிருந்தும் நீண்டு வந்து, நடுவில் கடல் நெருக்கியடித்துக்கொண்டு ஓடியது. வலை கிழிந்ததுதான் மிச்சம். ஜனவரியில் ஒரு காலை லாமர்ட் கொட்டகை வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே ஆரியிடம், "கல்லு எறிய ஆள் வேணுமாமே?" என்றான். ஆரி அணையைப் பற்றியோ காலைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "தோள் நல்லாருக்கு. நாளைக்கு ஆறு மணிக்கு வா" என்றான்.

பாய் இறக்குகிற கும்பல் சில வாரம் வீட்டுக்குப் போகாமல் கொட்டகையிலேயே தங்கும். தங்கினால் சாப்பாடு மாய்கே பானையில்தான். அந்தப் பானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கன்றுக்குட்டி குளிக்கலாம், அவ்வளவு பெரியது. கிழங்கு அவனவன் கிழங்கு. ஒவ்வொருவனுக்கும் ஒரு சின்ன நூல்வலை. அதில் தன் கிழங்கைப் போட்டு, தன் அடையாளத்தைக் கட்டி, பானைக்குள் இறக்கிவிடுவான். ஒருத்தன் அடையாளம் பித்தான், ஒருத்தனுக்கு மரத்துண்டு, ஒருத்தனுக்குத் துளை போட்ட காசு. நாற்பது வலையும் ஒன்றாக வேகும். வெந்ததும் மாய்கே ஒவ்வொன்றாகத் தூக்கி ஆள் பேரைக் கூப்பிடுவாள். வாங்குகிறவன் தன் வலையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துச் சமையல்காரி கிண்ணத்தில் போட வேண்டும். அதுதான் அவள் பங்கு.

லாமர்ட் துணியில் முடிந்த கிழங்கோடு வந்து நின்றான். "எனக்கு வலையில்லையே."

மாய்கேவிடம் பழைய வலை நாலைந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. தூக்கிக் கொடுத்தால் ஆயிற்று. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். சொந்தப் படகு வைத்திருந்தவன். இரவல் வலையில் கிழங்கு வேகவைத்தால் அது தொண்டையில் இறங்குமா?

"கல்யாணமானவனுக்குப் பொண்டாட்டிதான் வலை பின்னணும். கொட்டகை வழக்கம். அடுத்தவ புருஷனுக்கெல்லாம் நான் பின்ன மாட்டேன். போய்ச் சொல்லு" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் வலையோடு டியூவரே வந்தாள். புருஷன் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் தன் கைவேலை கண்டவன் கையில் கசங்குவதை அவள் விரும்பவில்லை போலும். மெல்லிய நூல், நெருக்கமான கண்ணி, முடிச்சு ஒவ்வொன்றும் கடுகு மாதிரி. கும்பலே எழுந்து வந்து பார்த்தது.

கும்பலில் வாய்த்துடுக்கு கோபஸுக்குத்தான். "ஏங்கக்கா, இது கெழங்குக்கா நெத்திலிக்கா?" என்றான்.

"ரெண்டுக்கும்தான். இனிமே நெத்திலி எங்க வரப்போவுது, கெழங்காச்சும் மாட்டட்டும்" என்றாள் டியூவர்.

கும்பல் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கிழங்கை எண்ணிப் போட்டு, சுருக்கை இழுத்து, அடையாளத்துக்குப் பெரிய தக்கை மிதப்பு ஒன்றைக் கட்டி, தன் கையாலேயே பானையில் போட்டாள். கதவருகே நின்றுகொண்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

மாய்கே மூடியைத் தூக்கியபோது நாற்பது வலை அடியில் கிடந்தன. ஒரே ஒரு வலை மேலே, வாத்து மாதிரி மிதந்துகொண்டிருந்தது. கிழங்கில் பாதி தண்ணீருக்கு வெளியே. மீனவப் பெண்ணின் கை. வலை என்றால் மிதப்புக் கட்டித்தானே பழக்கம்! லாமர்ட் முள்கரண்டியால் குத்திப் பார்த்தான். கிழங்கு கரண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டது.

கொட்டகை கொல்லென்று சிரித்தது. கோபஸ் பெஞ்சிலிருந்தே விழுந்தான். லாமர்ட் குனிந்துகொண்டான். டியூவரின் காது இரண்டும் சிவந்துபோயின. அவள் கை கதவுப் பிடியைத் தேடியது.

மாய்கேவுக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இனித்தது. 'யார் கைக்கு அளவு தெரியாது?' என்கிற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. நல்ல கேள்வி, சூடான கேள்வி. அதை விழுங்குவதற்கு அவள் கொஞ்சம் சிரமப்பட்டாள்.

கரண்டியால் பானை விளிம்பில் ஓங்கி அடித்தாள். "சிரிக்கறவன் வலைக்கெல்லாம் நாளைக்கு மெதப்புக் கட்டித்தான் வேக வெப்பேன்."

சிரிப்பு நின்றது. ஆரி எழுந்து வெளியே போய் ஒரு கல்லோடு வந்தான். நிதானமாக அதை டியூவரின் வலை அடியில் கட்டினான். பானைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கும்பலை ஒருமுறை சுற்றிப் பார்த்து, நடுக்கடலில் நிற்பவன் போலத் தொண்டையைச் செருமினான். "எறி!"

வலை 'டுபுக்'கென்று இறங்கியது. லாமர்ட் சிரித்தான். அணை வேலை தொடங்கியதிலிருந்து அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. டியூவர் திரும்பி அவனைப் பார்த்தாள். கதவுப் பிடியை விட்டாள்.

மாய்கே மற்ற வலைகளைத் தூக்கிக் கொடுத்தாள். எல்லாரும் வாங்கினார்கள், யாரும் சாப்பிடவில்லை. கடைசி வலை வெளியே வரும் வரைக்கும் கொட்டகையில் ஒருத்தன் வாய் வைக்கமாட்டான். காலையிலிருந்து பனிக்காற்றில் கல் எறிந்த ஆண்கள் ஆவி பறக்கிற கிழங்கைப் பார்த்தபடி, முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு, லாமர்டின் கிழங்குக்காகக் காத்திருந்தார்கள். ஆவி போய்க் கிழங்கு ஆறியது. கோபஸ் பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான். வலை வந்ததும் எல்லாரும் தொப்பியை முகத்துக்கு முன்னால் பிடித்து ஜெபம் செய்தார்கள். பிறகுதான் சாப்பாடு.

லாமர்ட் எழுந்து வந்து சமையல்காரி கிண்ணத்தில் இரண்டு கிழங்கு போட்டான். மாய்கே ஒன்றை எடுத்து அவன் தட்டிலேயே திருப்பி வைத்தாள். "ஒண்ணுதான்."

"காக்க வெச்சுட்டேனே…"

"அதுக்கெல்லாம் கெழங்கு கெடையாது. ஒண்ணுன்னா ஒண்ணு."

டியூவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். போகும்போது வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு, மாய்கே பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "டப்பாவ மூடணும், தெரியுமா? ஒண்ணு எடுத்ததும் மூடணும். ரெண்டாவது தடவ மூடினாத்தான் நாங்க எந்திரிக்க முடியும்."

மாய்கே வாயைப் பிளந்தாள். "அதுக்காகவா நாலு கோப்ப குடிச்சீங்க?"

"வயிறு ரெண்டு நாள் கலக்குச்சு" என்றாள் டியூவர். இருட்டில் நடந்து போய்விட்டாள்.

மாய்கே உள்ளே வந்து பலகைச் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். வெட்கமாகவும் இருந்தது, லேசாகவும் இருந்தது. ஆனால் வீட்டைப் பற்றி டியூவர் ஒன்றும் சொல்லவில்லை. பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று. கடையில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், வானிலை பேசுவாள். மாய்கேவும் கேட்கவில்லை. ஒருமுறை வேண்டாம் என்று சொன்னவளிடம் மறுபடி போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பும்போது மட்டும் சுற்றுவழியாக வந்து அந்த ஜன்னல் கட்டையை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நடுக்கடலில் அணையின் கடைசி இடைவெளி மூடியது. மத்தியானம் ஒன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த கப்பல்கள் எல்லாம் ஒன்றாக ஊதின. டென் ஊவரில் ஊர் முழுக்கக் கடலோரக் கரை மேல் நின்றது. தூரத்தில் பூச்சி மாதிரி கிரேன்கள், அதற்குமேல் வெயிலும் கொடியும். மாய்கே பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். டியூவர்.

"உம்புருஷன் பாய்தான அடியில?"

"அவனோடதும் உண்டு. லாமர்ட் எறிஞ்ச கல்லும் உண்டு."

டியூவர் கடலைப் பார்த்தாள். இனி அதைக் கடல் என்று சொல்லக்கூடாது. "நல்ல கரை" என்றாள். "நாசமாப் போக."

அவள் அழுகிறாளோ என்று மாய்கே பார்த்தாள். அழவில்லை. மாய்கேவுக்குள் தன் ஆட்கள் சாதித்த சந்தோஷமும், பக்கத்தில் நிற்கிறவளின் நஷ்டமும் ஒரே இடத்தில் கிடந்து உருண்டன. கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். எங்கள் ஊரில் அப்படிப் பிடிக்கிற பழக்கம் இல்லை. சும்மா பக்கத்தில் நின்றாள்.

இரண்டு வாரத்தில் கும்பலுக்கு அடுத்த வேலை வந்தது. கொட்டகையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். கூரைப் பலகை பாதி போய்விட்டது, கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றியாயிற்று. ஆரி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். மாய்கே பாத்திரங்களை வைக்கோலில் சுற்றி அடுக்கினாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, ஆரி அன்றே சொல்லியிருந்தானே. பாட்டு மட்டும் வரவில்லை.

கதவு இல்லாத நிலைக்கட்டையை யாரோ தட்டினார்கள். டியூவர்தான். தரைப் பலகையே இல்லாத மண்ணில் காலணியை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தாள்.

"இருக்கியா?"

"எங்க போறது? இன்னும் வண்டி கெளம்பல."

"ஒக்காரச் சொல்ல மாட்டியா?"

"நாற்காலி வண்டில இருக்கு."

டியூவர் கவிழ்த்து வைத்த பானைமேல் உட்கார்ந்தாள். மடியில் கைகளை வைத்துக்கொண்டாள். ஊசி இல்லாத அந்தக் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எங்க வரிசையில ஒரு வழக்கம் இருக்கு. யாராச்சும் செத்தா, எடப்பக்கத்து வீட்டுப் பொம்பளதான் வந்து குளிப்பாட்டணும். துணி மாத்தறது, தல சீவறது, கண்ணாடிக்குத் துணி போடறது, எல்லாம் அவதான். சொந்தக்காரங்க தொடக்கூடாது."

"சரி" என்றாள் மாய்கே. எதற்குச் சொல்கிறாள் என்று புரியவில்லை.

"என் எடப்பக்கம் ரெண்டு வருஷமா காலியா கெடக்கு."

மாய்கேவின் கை வைக்கோலில் நின்றது.

"எனக்கு அம்பத்தொம்பது. எங்கம்மா அறுபதுல போய்ட்டா. ராத்திரி படுத்தா இதே நெனப்புதான். என்னை யாரு குளிப்பாட்டறது? டென் ஹெல்டர்லேருந்து ரெண்டு மூணு பேர் வீடு கேட்டு வந்தாங்க. ஒவ்வொருத்தி கையயும் பாத்தேன். ஒருத்தி கையும் எனக்குப் புடிக்கல."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. குதிர மாதிரி இருக்கீங்க."

"குதிரயும் சாவும். நான் அத்தக் கேக்கல." டியூவர் நிமிர்ந்து முதல்முறையாக அவளை முகத்துக்கு முகம் பார்த்தாள். "ஏ கொட்டகைக்காரி, நீ குளிப்பாட்டுவியா, மாட்டியா?"

வெளியே கோபஸ் பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஆணி கிறீச்சிட்டது. மாய்கே கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டாள். இத்தனை ஊரில் இத்தனை பேருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். நன்றாயிருக்கிறது என்றிருக்கிறார்கள், போய் வா என்றிருக்கிறார்கள். சாகும்போது நீ பக்கத்தில் இரு என்று யாரும் கேட்டதில்லை. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வெந்நியா, பச்சத்தண்ணியா?" என்று கேட்டாள்.

டியூவர் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"வெதுவெதுப்பா" என்றாள். "எனக்குக் குளிரு ஆவாது."

மாய்கே வாசலுக்குப் போய், ஆரியே அசந்து போகிற குரலில் கத்தினாள்.

"ஆரி! என் பெட்டிய எறக்கு!"